கரகரப்பு

சொந்தமாக ஒரு முருங்கை மரம்கூட இல்லாத மதியழகன், மரம் அறுக்கும் மிஷின்களை வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தது புயலுக்கு மறு வருடம்.

புயல் அடித்த கையோடு ஊருக்கு ஊர் புது மிஷின் வாங்கியிருந்தார்கள். தென்னையும் பலாவும் பாதையை மறித்துக் கிடந்தன. அறுத்தார்கள். அறுத்துத் தீர்ந்ததும் மிஷினை மாட்டுக் கொட்டகையில் தூக்கிப் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தன. மதியழகன் அந்தக் கடைக்குப் போனது ஸ்பீக்கர் காந்தம் தேடி. திரும்பி வரும்போது வண்டியின் முன்பக்கம் ஒரு மிஷின் இருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் மரத்தூளும் சேர்ந்து கெட்டியாகி, எது என்ன நிறம் என்று தெரியவில்லை.

"இதை என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மனைவி.

"ஓட வைக்கப் போறேன்."

"ஓட வச்சு?"

அதற்கு மேல் அவன் யோசித்திருக்கவில்லை.

அவனுக்குத் தொழில் மைக் செட். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம். ஐம்பது வயதுக்கு மேல் தொழிலில் கற்றுக்கொள்ள ஒன்றும் பாக்கியில்லை என்று தோன்றியிருந்த நேரம். வேலை இல்லாத நாட்களில் ஏதோ ஒரு கல்யாணத்தின் ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டு விரித்து, மணமக்கள் முகம் தரையில் பதிய, அதன் வெள்ளைப் பக்கத்தில் மிஷினைப் பிரித்து வைப்பான். பல் துலக்கும் பிரஷ்ஷால் பெட்ரோல் தொட்டுத் தேய்ப்பான். மழுங்கிய செயினின் ஒவ்வொரு பல்லையும் உருண்டை அரத்தால் தீட்டுவான். மிஷின் முதல்தடவை உயிர் வந்து கத்தும்போது அவனுக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவனுடைய சொத்து காது. பந்தலில் ஏழெட்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தால், எதில் பிசிறு என்று வாசலில் நின்றே சொல்வான். அந்தக் காதை வைத்தே மிஷின்களையும் சுருதி சேர்த்தான். கார்பரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது சத்தத்தில் கரகரப்பு இருந்தால், திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவான். கரகரப்பு தேய்ந்து, தேய்ந்து, ஒரு இடத்தில் முழுதாக விலகி, மிஷின் ஒரே கம்பி இழுத்த மாதிரிப் பாடும். அங்கே நிறுத்துவான்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. முடித்த மிஷினை யார் கையிலாவது கொடுத்த பிறகு அவனால் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. செயின் மூடியின் நட்டை இறுக்கினோமா? பிரேக் பிடிக்குமா? பிடிக்கிறதைப் பார்த்தோமா, பார்த்ததாக நினைத்துக்கொண்டோமா? கொடுத்தவனுக்குப் போன் போடுவான். "மிஷின் நல்லா இருக்குல்ல?" மறுபடி சாயங்காலம் போடுவான். போன் எடுப்பதையே நிறுத்திவிட்டவர்கள் உண்டு.

*

பிஸ்டன் பிடித்து நின்றுபோன மிஷின் ஒன்றைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு அன்று காலை லூர்துவின் கடைக்குப் போனான். பெருமாள்கோயில் சாமிக்கண்ணுவுக்கு அவன் சும்மா கொடுத்த மிஷின் அது. அவர் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் பாடுச்சு, பாடிக்கிட்டே செத்துப்போச்சு" என்று சொல்லிப் போயிருந்தார்.

லூர்துமேரி மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர், புல்வெட்டி, மரம் அறுக்கும் மிஷின் எல்லாம் பழுது பார்ப்பவள். மதியழகனைவிட நன்றாக இளையவள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் இருந்து, பிறகு இங்கே கடை போட்டவள். முதல் மிஷினைக் கொண்டுபோன நாளில் அவன் அவளை "டீச்சர்" என்று கேலியாகக் கூப்பிட்டான். நாளடைவில் கேலி உதிர்ந்து டீச்சர் மட்டும் நின்றது. அவள் அவனை எப்போதும் "அண்ணே" என்றுதான் சொன்னாள்.

கேட்டதற்கு அவள் பதில் சொல்வது அபூர்வம். கையில் எதையாவது கொடுப்பாள். பெட்ரோல் ஏன் ஏறவில்லை என்று ஒருமுறை கேட்டபோது, கார்பரேட்டருக்குள் இருந்த மெல்லிய ரப்பர்த் தகட்டை எடுத்துக் கொடுத்து "வளைங்க" என்றாள். வளைத்தான். அப்பளம் மாதிரி ஒடிந்தது. அவ்வளவுதான் பாடம்.

இப்போது சாமிக்கண்ணு மிஷினின் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். கயிறு வரவில்லை. சைலன்சரைக் கழற்றி, உள்ளே தெரிந்த பிஸ்டனில் டார்ச் அடித்துக் காட்டினாள்.

"விரலை விட்டுத் தடவுங்கண்ணே."

தடவினான். வழுவழுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் நகம் தட்டியது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தது.

"எண்ணெயே காணாத மாதிரி இருக்கு," என்றான்.

"ம்."

"சத்தியமா ஆயில் கலந்துதான் டீச்சர் ஊத்தச் சொன்னேன். அவரும் கலந்துதான் ஊத்தியிருக்கார். பாட்டிலைக் காட்டினார்."

"யாரு இல்லைன்னா?"

"அப்புறம் ஏன் இப்படி?"

அவள் அந்த மிஷினை ஓரமாகத் தள்ளி வைத்தாள். மதியழகன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"இன்னொண்ணு கேக்கணும். கேட்டா சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"ஒரு மிஷினை முடிச்சு ஆள் கையில குடுத்ததும் எனக்கு வயித்துக்குள்ள ஒண்ணு ஓட ஆரம்பிச்சிருது. நிறுத்தவே முடியலை. செட்டுல ஊம்னு சத்தம் வந்தா எர்த் ஒயரைப் பார்ப்பேன். சரியாயிரும். இதுக்கு எதைப் பார்க்கிறது? எப்பப் போகும் இந்தப் பயம்?"

லூர்து சிரிக்கவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து அவளுடைய சொந்த மிஷினை இழுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"கிளப்புங்க."

கயிற்றை இழுத்தான். கிளம்பியது. செயின் மாட்டாத மிஷின். விசையை முழுதாக அழுத்தச் சொன்னாள். அழுத்தினான். கரகரவென்று, தொண்டையில் சளி கட்டியவன் பேசுகிற மாதிரிச் சத்தம். மதியழகனின் முகம் சுளித்தது. விசையை விட்டான்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"கோவிச்சுக்காதீங்க. கேக்கவே முடியலை."

"சரி பண்ணுங்க."

ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள். அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. டீச்சரின் மிஷினை அவன் சரி செய்கிறான். திருகை உள்ளே விட்டான். கரகரப்பு மெலிந்தது. இன்னும் கொஞ்சம். விலகியது. மிஷின் பாடியது. அடுத்த கடை டெய்லர்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இதுதான் டீச்சர் சுருதி," என்று சத்தத்துக்கு மேல் கத்தினான்.

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சைலன்சர் வாய்க்கு நேராகப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு அவனிடம் கொடுத்தாள். தாள் சூடாக இருந்தது. வெள்ளையாகவே இருந்தது. பிறகு திருகைப் பழைய இடத்துக்கே வெளியே எடுத்தாள். கரகரப்பு வந்தது. இன்னொரு தாளைப் பிடித்தாள். அதையும் கொடுத்தாள். மிஷினை அணைத்தாள்.

இரண்டாவது தாளில் பொடிப்பொடியாக எண்ணெய்ப் பொட்டு.

மதியழகன் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"திருகை உள்ள விட்டா பெட்ரோல் குறையும்," என்றான் மெதுவாக. "ஆயில் பெட்ரோல்லதானே இருக்கு."

"ம்."

"அப்ப நான் கரகரப்பைக் குறைக்கிறதா நினைச்சு..."

அவள் மிஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏண்ணே, மைக் செட் கட்டுறீங்க. மத்தியானமே போயி, காலிப் பந்தல்ல சத்தத்தை வச்சுப் பார்ப்பீங்கல்ல?"

"ஆமா."

"காதுக்கு இதமா இருக்கிற மாதிரி வச்சுட்டு வந்துருவீங்களா?"

"அது எப்படி? கூட்டம் வந்து உக்காந்தா சத்தத்தைத் தின்னுருமே. காலிப் பந்தல்ல காதைக் கிழிக்கிற மாதிரிதான் வச்சுட்டு வரணும். ஆள் நிறைஞ்சா சரியா..."

கையிலிருந்த தாள்களைப் பார்த்தான். மிஷினுக்கு மரம்தான் கூட்டம்.

எத்தனை பந்தல் கட்டியிருக்கிறான். எத்தனை புதுப் பையன்களுக்கு இதையே சொல்லித் திட்டியிருக்கிறான். தன் வீட்டு வாசலில், மரமே இல்லாத இடத்தில், மிஷினைக் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுருதி சேர்த்திருக்கிறான்.

அப்புறம்தான் அது அவனுக்கு உறைத்தது. தாள்கள் கையிலிருந்து விழுந்தன.

"டீச்சர், இன்னொரு மிஷின் இதே மாதிரி வச்சுக் குடுத்திருக்கேன். காலையில."

"யாருக்கு?"

"காத்தமுத்துக்கு. இப்ப மரத்து மேல இருக்கான்."

*

காத்தமுத்து, மதியழகனின் மனைவியின் தம்பி. மரம் ஏறிக் கிளை கழிப்பது அவனுக்குத் தொழில். அவன் மிஷினில் ஏதோ வளைந்துவிட்டது என்று காலையில் வந்து நின்றான். "மச்சான், உங்க பொக்கிஷத்துல ஒண்ணு குடுங்க, சாயங்காலம் குளிப்பாட்டிக் கொண்டாறேன்," என்றான். மதியழகன் இருப்பதிலேயே நன்றாகப் பாடியதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான்.

கடையிலிருந்தே அவனுக்குப் போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை.

"மிஷின் ஓடுற சத்தத்துல கேக்காது," என்றாள் லூர்து. ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டாள். அவள் புடவைக்கு மேல் எப்போதும் போட்டிருக்கும் காக்கிச் சட்டை. "எந்த மரம்?"

"பள்ளத்து வீட்டுத் தூங்குமூஞ்சி. புயல்ல சாஞ்சது. ஒரு கிளை அப்படியே ஓட்டு வீட்டுக்கு மேல நிக்குது."

"வண்டியை எடுங்க."

மேற்கே வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்றுதான் காத்தமுத்து அவசரப்பட்டிருந்தான். மதியழகன் வண்டியை முறுக்கினான். பின்னால் இருந்து லூர்து ஒரே ஒரு தடவை பேசினாள்.

"பாதி வெட்டுல பிஸ்டன் பிடிச்சா மிஷினை வெளிய உருவ வராது. கிளை முறிஞ்சு எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்ல முடியாது."

"தெரியும் டீச்சர். அவனும் சொல்லியிருக்கான்."

"அவன் எந்தப் பக்கம் உக்காந்திருக்கான்னு தெரியுமா?"

தெரியாது.

கண்மாய்க் கரை திரும்பியதும் சத்தம் கேட்டது.

மதியழகனுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து ஊரில் பாட்டுப் போட்டால் யாருடைய செட் என்று சொல்லுகிற காது. இது அவன் வைத்த சுருதி. ஒரு பிசிறு இல்லை. கருவேலங்காட்டுக்கு மேலே, கறுத்த வானத்துக்குக் கீழே, அவ்வளவு சுத்தமாக ஒலித்தது. நேற்றாக இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பான்.

இப்போது அது நின்றுவிடக் கூடாது என்று பயந்தான். கொஞ்ச தூரம் போனதும், இப்படியே ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்று பயந்தான். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வண்டியை மேட்டில் ஏற்றியபோது சத்தம் நின்றது.

தேய்ந்து நிற்கவில்லை. கத்தரித்த மாதிரி நின்றது.

மதியழகன் முறுக்கின கையை விடவில்லை. ஆனால் வண்டி நகராமல் ஒரே இடத்தில் நிற்பதாக இருந்தது. கிளை முறிகிற சத்தத்துக்காகக் காது தானாகவே காத்துக் கிடந்தது. ஒரு நாய் குரைத்தது. ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

*

"வாங்க மச்சான்! வாசனை பிடிச்சு வந்துட்டீங்களா?"

குரல் மேலேயிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் கவட்டில், இடுப்பில் கயிறு கட்டி, கால் இரண்டையும் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான் காத்தமுத்து. அவனுக்குப் பக்கத்தில் கிளை பாதிக்கு மேல் வெட்டப்பட்டு, வெள்ளையாக வாய் பிளந்து நின்றது. அதன் மறுமுனை ஓட்டு வீட்டின் மேல் கவிந்திருந்தது. கிளையில் கட்டிய வடத்தின் நுனியை எதிர்ப் பக்கத்துப் புளிய மரத்தில் இழுத்து முடிந்திருந்தார்கள்.

மதியழகனுக்கு வண்டியை ஸ்டாண்ட் போட வரவில்லை. லூர்து போட்டாள்.

"ஏன் நின்னுச்சு?" என்று கத்தினான்.

"பெட்ரோல் தீந்துருச்சு. என்னா பாட்டு மச்சான் காலையில இருந்து! எனக்கே ஒரு பாட்டு எடுத்து விடலாமான்னு வந்துருச்சு. இந்தா இறக்குறேன், ஊத்திக் குடுங்க."

மிஷின் கயிற்றில் ஆடி ஆடி இறங்கியது. மதியழகன் அதை வாங்கினான். வாங்கின வேகத்தில் கீழே வைத்தான். தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. லூர்து குனிந்து, விரலை நாக்கில் தொட்டு அதன் மேல் வைத்தாள். சுர் என்றது.

"ஆறட்டும்," என்றாள்.

"யாரு அது, லூர்தக்காவா? ஆற வச்சுக் குடிக்க அது என்ன பாலா? மழை வருதுக்கா!"

"சும்மா இருடா."

பள்ளத்து வீட்டு அம்மா டீ எடுத்து வந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகராமல் அங்கேயே நின்றாள். "மரம் முனகுது பாரேன்," என்றாள். காற்று வரும்போதெல்லாம் வெட்டின இடத்தில் ஒரு சத்தம், பழைய கதவு போல. காத்தமுத்து அதைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதியழகன் டீயைக் கீழே வைத்தான்.

"ஆறிருச்சா டீச்சர்?"

"இல்ல."

"இப்ப?"

அவள் மறுபடி விரலை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றின் பிடியை அவனிடம் கொடுத்தாள். "மெதுவா இழுங்க. கையில கேளுங்க."

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். உள்ளே பிஸ்டன் ஏறியது, இறங்கியது. எங்கேயும் தட்டவில்லை. "பிடிக்கலை," என்றான். மறுபடி இழுத்தான். "இன்னும் பிடிக்கலை."

பெட்ரோல் ஊற்றினார்கள். லூர்து ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நீங்க செய்யுங்க டீச்சர். அவசரம்."

"உள்ள விட்டது யாரு?"

மிஷினைக் கிளப்பி, திருகை வெளியே எடுத்தான். சுத்தமான சத்தத்தில் ஒரு பிசிறு விழுந்தது. அவன் கை தானாகவே அதைத் திரும்ப உள்ளே விடப் பார்த்தது.

"இன்னும்," என்றாள்.

எடுத்தான்.

"இன்னும்."

"நாராசமா இருக்கு டீச்சர்."

"இன்னும் கொஞ்சம். ம். போதும். இப்ப அந்தக் கட்டையில வைங்க."

காலையில் கழித்துப் போட்ட கிளை ஒன்று கீழே கிடந்தது. மதியழகன் மிஷினை அணைத்துவிட்டான்.

"நானா?"

"நீங்கதான்."

"நான் அறுத்ததில்லையே."

லூர்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "ஒருதடவை கூடவா?"

"ஓட வைப்பேன். அவ்வளவுதான். செயின் சுத்துறதைப் பார்த்தா எனக்கு..."

மேலே காத்தமுத்து விழுந்துவிடாமல் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, எங்க மச்சான் நீச்சல் தெரியாம கிணத்துக்கு மோட்டார் மாட்டுற ஆளு!"

பள்ளத்து வீட்டு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். லூர்து மட்டும் அப்படியே நின்றாள். அவன் கால்களைப் பார்த்து, "செருப்பு வேணாம், வெறுங்கால் வேணாம்," என்று சொல்லிவிட்டுப் பள்ளத்து வீட்டு வாசலில் கிடந்த ரப்பர் பூட்ஸை எடுத்து வந்து போட்டாள். வேலைக்குப் போடும் தன் கண்ணாடியைக் கழற்றி அவனுக்கு மாட்டினாள். கட்டையின் குறுக்கே நிற்கும் இடத்தைக் காட்டினாள். அவன் நின்றான். கயிற்றை இழுத்தான். கிளம்பியது. விசையை அழுத்தினான். கரகரவென்று அது அவன் கையில் உதறியது. மிஷின் உதறுகிறதா, கை உதறுகிறதா என்று அவனுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இப்படியே கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது.

"அண்ணே," என்றாள். "வைங்க."

வைத்தான்.

பல் மரத்தில் ஏறியது. பூட்ஸ் மேல் செதில் செதிலாக வந்து விழுந்தது. கரகரப்பைக் காணோம். அவன் வாசலில் கேட்ட கம்பிச் சத்தம் இல்லை இது. அதைவிடத் தணிந்தது, வயிற்றிலிருந்து வருகிற மாதிரி. கையால் அழுத்த வேண்டியிருக்கவில்லை, மிஷின் தானே இறங்கியது. மரத்தின் ஈரம் மூக்கில் ஏறியது. கட்டை இரண்டாகி விழுந்தது. மிஷினை மேலே தூக்கினான். தூக்கினதும் கரகரப்பு திரும்பி வந்தது. அணைத்தான். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அனுப்புங்க மேல," என்றாள் லூர்து.

மிஷின் கயிற்றில் ஏறியது. காத்தமுத்து அதை மடியில் வைத்துக் கிளப்பினான். உடனே விசையை விட்டான்.

"என்ன மச்சான் இது? நல்லாப் பாடிக்கிட்டிருந்ததுக்குச் சளி பிடிக்க வச்சு அனுப்பியிருக்கீங்க?"

"இப்பத்தான் சரியா இருக்கு மாப்ளே."

"இது சரியா? பாதிக் கிளையில இருமி நின்னுச்சுன்னா கட்டை என் பக்கம்தான் திரும்பும். தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப வைக்கவா? நீங்க சொல்லுங்க."

காற்று வந்தது. வெட்டின இடம் முனகியது. மதியழகன் லூர்துவைப் பார்த்தான். அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிவிடு என்று சொல்லலாம். இறங்குவதற்குள் கிளை தானாக முறிந்தால், கீழே வீடு. வீட்டுக்குள் தொட்டில் கட்டியிருந்தது, வாசலில் இருந்தே தெரிந்தது. நட்டை இறுக்கினோமா? செயின் தொய்வு பார்த்தோமா? இறுக்கினான். பார்த்தான். இப்போதுதான் கட்டையில் வைத்துப் பார்த்தான். இருந்தாலும் வயிற்றுக்குள் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது.

"வை மாப்ளே," என்றான்.

பள்ளத்து வீட்டு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். லூர்து வடத்தின் முடிச்சை அவிழ்த்து, புளிய மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள். மதியழகன் போய் அவளுக்குப் பின்னால் வடத்தைப் பிடித்தான்.

கரகரப்பு. பிறகு அந்தத் தணிந்த சத்தம். மரத்தூள் காற்றில் புகை மாதிரிப் பறந்து அவர்கள் மேல் விழுந்தது. சத்தம் ஒரே சீராக இறங்கிக்கொண்டே இருந்தது. கிளை மடமடவென்றது. "இழு!" என்றான் காத்தமுத்து. இழுத்தார்கள். கிளை ஒரு நொடி யோசித்து நின்றது. பின்பு வீட்டை விட்டுத் திரும்பி, வாலால் கூரையின் ஓரத்தில் சில ஓடுகளைத் தட்டிவிட்டுக்கொண்டு, காலி இடத்தில் விழுந்தது. தரை அதிர்ந்தது.

மேலே, வெட்டு முடிந்த மிஷின், காற்றில் கரகரத்துக்கொண்டிருந்தது. காத்தமுத்து அணைக்கும்வரை மதியழகன் அதையே கேட்டுக்கொண்டு நின்றான்.

"ஏ மச்சான்!" என்றான் காத்தமுத்து. "வெண்ணெய்ல விட்ட மாதிரி இறங்குது! என்ன செஞ்சீங்க?"

மதியழகன் வடத்தைக் கீழே போட்டான். தூறல் ஆரம்பித்திருந்தது. அறுத்த கட்டை மேல் போய் உட்கார்ந்தான். பள்ளத்து வீட்டு அம்மா உடைந்த ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்து, "ஓடு போனாப் போகுது," என்று சொல்லிவிட்டு மறுபடி டீ கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளர் அவன் கையில் ஆடியது. டீ விளிம்பு தாண்டி விரலில் வழிந்தது.

லூர்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் டீயை ஊதிக் குடித்தாள்.

"டீச்சர்," என்றான். டம்ளரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். "பயம் இன்னும் போகலை."

"கட்டையில வச்சப்ப இருந்துச்சா?"

யோசித்தான்.

"இல்ல."

"எடுத்ததும்?"

"வந்துருச்சு."

அவள் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தாள்.

"அப்பத் திருகு சரியாத்தான் இருக்குண்ணே."